எதிரொலிக்கு இடம் எது?

மேடையில் கிட்டார் வாசிக்கிறவரின் காலடியைப் பாருங்கள். நாலு பெடல், ஐந்து பெடல் என்று வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. பிறகு அவருக்குப் பின்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பாருங்கள். ‘சென்ட்’, ‘ரிடர்ன்’ என்று எழுதிய இரண்டு துளைகள் தூசி படிந்து காலியாக இருக்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து எஃபெக்ட்ஸ் லூப் என்று பெயர். அவற்றுக்குத் தனி விலை கிடையாது. பெட்டியோடு கூடவே வந்தவை. ஊர்ப்புறத்து இன்னிசைக் குழுக்களில் கிட்டாரின் மானம் கப்பலேறுவதற்குப் பாதிக் காரணம், இந்த இரண்டு துளைகளை எவரும் ஏறிட்டுப் பார்க்காததுதான்.

காரைக்காலுக்கு வடக்கே கோட்டுச்சேரிப் பக்கத்தில் இருக்கிறது வரிச்சிக்குடி. வயலும் தென்னையும் உள்ள ஊர். கிழக்கே வங்கக் கடல். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சுக்காரரின் நிர்வாகத்தில் இருந்த பூமி. இந்த வட்டாரத்துக்குச் சங்கீதம் புதிதல்ல. காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்திலேயே சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களும் வாத்தியங்களின் பெயர்களும் அடுக்கடுக்காக வருகின்றன. இன்றைக்கும் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா, தேற்றரவு அன்னை ஆலயத் திருவிழா, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி என்று காரைக்காலில் வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு கொண்டாட்டம் உண்டு. சுற்றுப்புறக் கிராமங்களில் அம்மன் கோயில் உற்சவங்கள் வேறு. விழா என்றால் பந்தல். பந்தல் என்றால் மைக் செட். மைக் செட் வந்துவிட்டால் இரவு இன்னிசைக் கச்சேரி.

அப்படி ஒரு கச்சேரி வரிச்சிக்குடியில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடகி பல்லவியை எடுக்கிறார். கிட்டார்க்காரர் ‘கிளீன்’ சானலில் மீட்டுகிறார். சுரம் மணி மணியாக விழுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் தலையாட்டுகிறார்கள். பல்லவி முடிந்து இடையிசை வருகிறது. மாதக் கணக்கில் வீட்டில் பழகிய இடம் அது. ஆம்ப்ளிஃபயரின் கால் சுவிட்சை மிதித்து ‘லீட்’ சானலுக்குத் தாவுகிறார். எதிரொலி கொடுக்கும் டிலே பெடலையும் தட்டிவிடுகிறார்.

சத்தம் வருகிறது. சுரம் வரவில்லை.

தகரக் கொட்டகைமேல் மழை கொட்டியது போல் ஓர் இரைச்சல். மைக் செட்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிட்டாரின் குமிழை இறக்கிவிடுகிறார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பாடகியின் குரல் மூழ்கினால் ஜனங்கள் அவரைத்தான் ஏசுவார்கள். கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏறும்போது குழுவின் தலைவர் சொல்வார்: “அடுத்த வருஷம் கீ போர்டே போதும். அதிலேயே கிட்டாரும் வருதே!”

அத்துடன் போயிற்று ஒருவருடைய மேடை. பெரிய நகரத்து வித்துவானுக்கு இது ஒரு கெட்ட ராத்திரி, அவ்வளவுதான். சீசன் மாதங்களில் கிடைக்கும் பத்து இருபது கச்சேரிகளை நம்பியிருக்கிற ஊர்ப்புறத்துக் கிட்டார்க்காரருக்கு இது பிழைப்பு. அவர் விரல்மேல் பிழை இல்லை. வாத்தியத்தின்மேலும் இல்லை. எதிரொலிப் பெட்டியைச் செருகிய இடம் பிழை.

பாயசத்து முந்திரி

ஆம்ப்ளிஃபயர் என்பது ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். கிட்டாரின் கம்பி அதிர்ந்து பிக்கப்பில் எழும் மின்சாரம் மிக அற்பம். சாதாரணமாக ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். முதல் ஆள் அதை வாங்கிப் பெருக்கி, கனத்தையும் கூர்மையையும் திருத்தி, வேண்டுமென்றால் முறுக்கிக் கரகரக்கவும் வைக்கிறான். இவன் பெயர் ப்ரீ ஆம்ப். இரண்டாவது ஆள் அதை அப்படியே வாங்கி ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலத்தைக் கொடுக்கிறான். இவன் பவர் ஆம்ப். இருவருக்கும் நடுவே ஒரு வாசல் வைத்து, முதல் ஆள் முடித்த வேலையை வெளியே எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வழி செய்திருக்கிறார்கள். வெளியே போகும் வழி சென்ட். உள்ளே வரும் வழி ரிடர்ன்.

எதிரொலிப் பெட்டியைக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, அதாவது முன்வாசலில், செருகினால் என்ன நடக்கிறது? கிட்டாரின் சுரமும் அதன் எதிரொலியும் சேர்ந்தே முதல் ஆளிடம் போகின்றன. கிளீன் சானலில் இருந்தால் அவன் இரண்டையும் மரியாதையாகப் பெருக்கி அனுப்பிவிடுவான். லீட் சானலில் இருந்தாலோ கதை வேறு. முறுக்குவது என்றாலே உயர்ந்ததை நசுக்கித் தாழ்ந்ததை உயர்த்துவதுதான். மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி, முதல் சுரத்துக்குச் சமமாக எழுந்து நிற்கும். அது மட்டுமல்ல. இரண்டு சுரங்களை ஒன்றாகப் போட்டு முறுக்கினால், அவற்றின் கூட்டலிலும் கழித்தலிலும் பிறக்கும் வேறு சுருதிகளும் கிளம்பும். யாரும் மீட்டாத சுருதிகள் அவை. மேடையிலிருந்து வந்த அந்த இரைச்சல் இதுதான்.

அதே பெட்டியை லூப்பில் செருகினால், முதல் ஆள் சுரத்தை முறுக்கி முடித்த பிறகுதான் எதிரொலி பிறக்கிறது. முறுக்கிய சுரத்தின் நிழல், ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்துகொண்டே போகும். பாயசத்துக்கு முந்திரியை நெய்யில் வறுத்துக் கடைசியில் போடுகிறார்கள். முதலிலேயே அரிசியோடு போட்டு வேகவைத்தாலும் அதே முந்திரிதான். ஆனால் பல்லில் படாது.

மேல்நாட்டுக்காரரைவிடத் தமிழ்ப் பாட்டு வாசிக்கிறவருக்கு இந்தச் சங்கதி அதிக முக்கியம். இங்கே சுரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வளைகிறது, வழுக்குகிறது, அசைகிறது. விரல் கம்பியை இழுத்து ஒரு கமகத்தை முடிப்பதற்குள், சற்றுமுன் கிளம்பிய எதிரொலி பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது. கிட்டத்தட்ட ஒன்றாகவும் சற்றே வேறாகவும் இருக்கிற இரண்டு சுருதிகளை ஒரே வாணலியில் முறுக்குவதைப் போலக் காதைக் குடைவது வேறு ஒன்றும் இல்லை. மின்சார வாத்தியத்தில் கமகம் பேசாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேட்டது இந்தக் கூழைத்தான். உப்பளாபு ஸ்ரீனிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்ததைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டவர்களும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு சானல், ஒரே வாசல்

ஒரே சானல் உள்ள ஆம்ப்ளிஃபயரில் இந்த விஷயம் சுலபம். இரண்டு மூன்று சானல் உள்ளதில்தான் புத்தி வேண்டியிருக்கிறது. லூப்பில் பெடலைச் செருகிவிட்டும் “ஒன்றும் சரியில்லை” என்று பிடுங்கிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தடுக்கி விழுந்தவர்களே.

பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் சானல்கள் இரண்டானாலும் லூப் ஒன்றுதான். கிளீன் சானலுக்கும் லீட் சானலுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ் உண்டு. அந்தக் குமிழ்கள் சாதாரணமாக லூப்புக்கு முன்னால் இருக்கும். மாஸ்டர் என்ற பொதுக் குமிழ் லூப்புக்குப் பின்னால் இருக்கும். ஆகையால் சானலின் வால்யூமைத் திருகுவது, பெடலுக்குள் போகும் வெள்ளத்தின் மதகைத் திருகுவதாகும். லீட் சானலை வானளாவத் திறந்துவைத்து, மாஸ்டரைச் சிறிதளவு மட்டும் வைத்தால், பெடலின் வாயில் வெள்ளம் பாய்ந்து அது திணறிக் கரகரக்கும். கிளீன் சானலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மாஸ்டரைத் திறந்தால் பெடலின் இரைச்சல் முன்னால் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் இரண்டு சானல்களின் வால்யூமையும் ஒன்றுக்கொன்று சரிக்குச் சரியாக, நடு அளவில் நிறுத்த வேண்டும். பெடல் திணறவில்லை என்று காதால் உறுதி செய்துகொள்ள வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதை மாஸ்டரில் மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். சில ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் லூப்பின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு சுவிட்சோ குமிழோ இருக்கும். காலால் மிதிக்கும் பெடல்களுக்குத் தாழ்ந்த அளவு. ஸ்டூடியோ அலமாரியில் வைக்கும் பெரிய சாதனங்களுக்கு உயர்ந்த அளவு. அந்தச் சுவிட்ச் தப்பான பக்கம் இருந்தால் எந்தப் பெடலும் உருப்படியாகப் பேசாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. வாசல் ஒன்று என்றால், லீட் சானலுக்கு வைத்த நீண்ட எதிரொலி கிளீன் சானலிலும் ஒட்டிக்கொள்ளுமே? ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். வேகமான தாளக்கட்டில் அது தொந்தரவு. சில உயர்ந்த ரக ஆம்ப்ளிஃபயர்களில் எந்தச் சானலுக்கு லூப் வேண்டும் என்று தனித்தனியே சொல்லி வைக்கலாம். சிலவற்றில் லூப்பையே காலால் அணைக்கலாம். அந்த வசதி இல்லாதவர் சானலை மிதித்த கையோடு, இல்லை, மிதித்த காலோடு, டிலே பெடலையும் மிதித்துப் பழக வேண்டியதுதான். ஹார்மோனியக்காரர் ஒரு கையால் துருத்தி போட்டுக்கொண்டு மறு கையால் வாசிக்கவில்லையா?

லூப்புகளிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் முழு ஒலியும் வெளியே போய்த் திரும்பும். மற்றதில் ஒரு பங்கு உள்ளேயே நேராகப் போகும். மறு பங்கு மட்டும் வெளியே போய்வந்து கலக்கும். இரண்டாவது ஜாதியில் டிலே பெடலின் கலவைக் குமிழை முழுக்க எதிரொலிப் பக்கமே திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் நேரொலி இரண்டு வழியாக வந்து மோதும். டிஜிட்டல் பெடலாக இருந்து ஒரு கண்ணிமைப் பொழுதில் ஒரு பங்கு தாமதம் ஏற்பட்டாலும், கிட்டாருக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்த மாதிரி ஒரு தொனி வரும்.

எல்லாவற்றையும் லூப்பில் கொண்டுபோய்த் தள்ளவும் கூடாது. வா வா பெடல், ஓவர்டிரைவ், கம்ப்ரஸர், சுருதி காட்டும் டியூனர் ஆகியவை முன்வாசலுக்கே உரியவை. டிலே, ரிவெர்ப், பெரும்பாலும் கோரஸ் இவை லூப்புக்கு. இப்படிப் பிரித்துச் செருகினால் கிட்டாரிலிருந்து பெடலுக்கு ஒன்று, பெடலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, போக ஒன்று, வர ஒன்று என்று நாலு கேபிள் வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம், மேடையில் பிழைக்க வேண்டியவர் அவசியம் அறிந்துகொள்ள வேண்டியது. இடையிசை வரும்போது சத்தம் எழும்ப வேண்டும் என்று பலர் ஒரு ‘பூஸ்டர்’ பெடல் வாங்கி முன்வாசலில் வைக்கிறார்கள். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் லீட் சானலில் முன்னாலிருந்து மேலும் தள்ளினால் கரகரப்புத்தான் கூடும், சத்தம் கூடாது. அதே பூஸ்டரை லூப்பில் வைத்து மிதித்தால், கரகரப்பு இருந்தபடி இருக்க, சத்தம் மட்டும் எழும்பும். கடையில் “இது சத்தம் ஏற்றும்” என்று சொல்லிக் கொடுப்பவர் “எங்கே செருகினால்?” என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பழைய வித்துவான்களின் கட்சி

“அந்தக் காலத்தில் லூப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, நேராகச் செருகி வாசித்தோம், கேட்கவில்லையா?” என்று கேட்கும் மூத்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘ஷாடோஸ்’ குழுவில் ஹாங்க் மார்வின் ‘அப்பாச்சி’ என்ற இசையை வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தபோது, எதிரொலி இயந்திரம் முன்வாசலில்தான் இருந்தது. ஆனால் அவருடைய வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒலியை முறுக்கவில்லை, தெளிவாகவே பெருக்கியது. நசுக்குகிறவன் இல்லாத இடத்தில் எதிரொலி முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன?

ஃபெண்டர் கம்பெனி 1963-ல் முதன்முதலாக ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே சுருள்கம்பி ரிவெர்பை அமைத்தபோது, ஒலிக்கு நிறம் கொடுக்கும் குமிழ்களுக்குப் பின்னால்தான் அதை வைத்தது என்பதும் கவனிக்கத் தக்கது. பிறகு கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்பவர் ‘மேசா பூகி’ ஆம்ப்ளிஃபயர்களில் முறுக்குகிற வேலையைப் ப்ரீ ஆம்பிலேயே அடுக்கடுக்காக ஏற்றினார். காலால் சானல் மாற்றும் வசதியும் வந்தது. 1980-ஐ ஒட்டி லூப்பும் அதே பெட்டியில் இடம்பெற்றது. முறுக்கு உள்ளே போனதால்தான் வாசல் தேவைப்பட்டது. நோய் வந்த பிறகு வந்த மருந்து இது.

முறுக்குவதற்குத் தனிப் பெடல் வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை எப்போதும் கிளீன் சானலிலேயே நிறுத்துகிறவருக்கு லூப் தேவையில்லை. முறுக்குப் பெடலுக்கு அடுத்ததாக எதிரொலிப் பெடலை முன்வாசலிலேயே வரிசைப்படுத்தினால் காரியம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயரே இல்லாமல் மல்டி எஃபெக்ட்ஸ் பலகையை நேரே மிக்ஸரில் செருகுகிறவரும், பலகைக்குள் இருக்கும் வரிசையைச் சரிபார்த்தால் போதும். லூப் கூடாது என்கிறவர்களின் கட்சியில் நியாயம் இவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரின் லீட் சானலையே நம்பி வாசிக்கிறவருக்கு இது பொருந்தாது. அவர் மூத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்வாசலையே கட்டிக்கொண்டு அழுவது வீண் பிடிவாதம்.

வேடிக்கை என்னவென்றால், கிட்டாரின் குமிழை இறக்குகிற அதே மைக் செட்காரர் இந்த வித்தையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார். அவருடைய மிக்ஸரில் ‘ஆக்ஸ்’ என்ற குமிழ் வழியே பாடகியின் குரலில் ஒரு பங்கை எக்கோ இயந்திரத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக் கலக்கிறார். தவிலுக்கும் டிரம்ஸுக்கும் எக்கோ போவதில்லை. அதுவும் லூப்பின் உடன்பிறப்புத்தான். (அறிவிப்பாளர் கையில் மைக் போனதும் அந்த எக்கோவை இறக்க மறந்து, “அன்பார்ந்த பெரியோர்களே... களே... களே...” என்று ஊரைச் சுற்றி வர விடுவது வேறு விஷயம்.) குமிழை இறக்குவதற்குப் பதிலாக அவர் கிட்டார்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

உப்புக் காற்று

லூப்பை ஏறிட்டும் பார்க்காதவரையும் லூப் பழிவாங்கும். கடலோர ஊர்களில் இது சகஜம். வரிச்சிக்குடிக் காற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

லூப்பில் எதுவும் செருகாதபோது, முதல் ஆளின் ஒலி இரண்டாவது ஆளிடம் எப்படிப் போகிறது? பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் ரிடர்ன் துளைக்குள் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கிறது. துளை காலியாக இருக்கும்போது அந்த நாக்கு மறு தகட்டைத் தொட்டு வழியை மூடி வைக்கிறது. கேபிளைச் செருகினால் விலகி வழிவிடுகிறது. கிட்டாரின் ஒலி முழுவதும் அந்த நாக்கின் நுனி வழியாகத்தான் போகவேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் வருஷக் கணக்கில் பட்டு நுனியில் பாசம் பிடித்துவிட்டால், ஒலி விட்டு விட்டு வரும், பாதியில் மங்கும், ஓங்கித் தட்டினால் சற்று உயிர் பெறும், மறுபடி சாகும்.

ரிப்பேர்க் கடையில் இதற்கு எதையெல்லாமோ மாற்றிவிடுவது உண்டு. வால்வு, டிரான்ஸிஸ்டர், சில சமயம் ஸ்பீக்கர்கூட! பழுது பார்க்கத் தூரத்து நகரத்துக்குப் பெட்டியைச் சுமந்துபோய், வேன் வாடகையும் இரண்டு கச்சேரியின் சம்பளமும் கரைந்த பிறகும் நோய் அப்படியே இருக்கும். பரிசோதனையோ பத்து விநாடி வேலை. ஒரு சாண் கேபிளை எடுத்து ஒரு முனையைச் சென்டிலும் மறு முனையை ரிடர்னிலும் செருக வேண்டும். ஒலி முழுசாகத் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த நாக்கு. கச்சேரி முடியும் வரை அந்தச் சாண் கேபிளே போதும். மறுநாள் மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை ஒரு ஜாக்கில் தெளித்து அந்த ரிடர்ன் துளையில் பத்துத் தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காலியாகக் கிடப்பதால் கெடுகிறது. மாதம் ஒருமுறை செருகி எடுத்தாலே கெடாது. பூட்டியே வைத்த வீட்டில் கறையான் ஏறுகிற கதைதான்.

அறுக்கக் கூடாத கால்

லூப்பை உபயோகிக்கத் தொடங்குகிறவருக்கு ஒரு புதுத் தொல்லை வரும். நாலு கேபிள் ஓடினால் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் எழலாம். பூமியோடு இணைக்கும் எர்த் வழி இரண்டு பக்கமும் சுற்றி வளைந்துவிடுவதுதான் காரணம். இதற்கு மேடைகளில் கையாளப்படும் ஒரு ‘வைத்தியம்’ இருக்கிறது: மூன்று கால் பிளக்கில் எர்த் காலைப் பிடுங்கிவிடுவது, அல்லது எர்த் ஒயரை வெட்டிவிடுவது. ரீங்காரம் போய்விடும். கூடவே உயிரும் போகலாம்.

கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. உள்ளே ஏதாவது ஓர் இடத்தில் மின்சாரம் கசிந்து, அதைப் பூமிக்குக் கொண்டுபோக எர்த் இல்லாவிட்டால், அது கம்பியில் வந்து காத்திருக்கும். வேறொரு இணைப்பிலிருந்து வரும் மைக்கைக் கிட்டார்க்காரர் தொடும்போது, நடுவே நிற்கும் உடம்பே ஒயராகிவிடும். எர்த் இல்லாதது மைக்கின் பக்கமாக இருந்தாலும் விளைவு அதுவே. 1972-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார்க்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தது, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால்தான். அது மழையில்லாத உள்ளரங்கம். இங்கேயோ ஜெனரேட்டர் ஒரு பக்கம், கோயில் கரண்டு ஒரு பக்கம், ஈரத் தரை, வெறுங்கால்.

ரீங்காரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மேடையின் எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே பலகையிலிருந்து கரண்டு எடுக்கலாம். பெடல்களுக்குத் தனித்தனிச் சுருள் உள்ள மின்பெட்டி வைக்கலாம். லூப் கேபிளின் நடுவே ஒலிக்கென்றே செய்த தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் பெட்டியைப் போடலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மேடைப் பலகையில் மாட்டுவதற்கு ஆகும் செலவை, வாணவேடிக்கைக்கு ஆயிரமாயிரமாகக் கொளுத்தும் விழாக் கமிட்டி தாங்காதா?

அரை மணி நேரம்

கமிட்டியிடம் கேட்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நோட்டீசில் கச்சேரி 7 மணிக்கு என்று அச்சிட்டிருக்கும். குழுவின் வேன் 6 மணிக்கு வந்து சேரும். சாமான் இறக்குவதற்குள் பூஜை முடிந்து ஜனங்கள் உட்கார்ந்துவிடுவார்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அரசு விசேஷ அனுமதி கொடுத்த நாட்கள் தவிர, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. பாடகிக்கு “ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்ல இரண்டு நிமிஷம் கிடைக்கும். கிட்டார்க்காரருக்கு அதுவும் கிடைக்காது. பந்தல் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் முதல் பாட்டில்தான் அவர் தம் இரண்டு சானல்களையும் சரிக்குச் சரியாக நிறுத்த வேண்டியிருக்கிறது. வீட்டுத் திண்ணையில் சரி செய்த அளவு திறந்த வெளியில் செல்லாது. இது வித்தை தெரியாத குற்றம் அல்ல; நேரம் கொடுக்காத குற்றம்.

கீ போர்டே போதும் என்று நினைக்கும் குழுத் தலைவர்கள் அதற்கு முன் ஒரு தடவை, பெடலை லூப்பில் செருகி, அரை மணி நேரம் கொடுத்து, அதே இடையிசையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கீ போர்டில் வரும் கிட்டார் ஒலி பதிவு செய்து வைத்தது; அதில் விரல் கம்பியை இழுக்கும் தருணம் இல்லை. கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது அவர்கள் இஷ்டம்.

கச்சேரி பேசி அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கே சம்பளம், சாப்பாடு, வேன் வாடகை எல்லாம் பேசுகிறார்கள். “மாலை 5 மணிக்கு மேடைக்குக் கரண்டு வந்திருக்க வேண்டும்” என்ற ஒரு வரியையும் அதோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். கிட்டார்க்காரர் தம் பங்குக்கு, பெடல் பையின் மூலையில் அந்தச் சாண் கேபிளைப் போட்டு வைக்கட்டும்.